கறுப்பில் அழுக்கு தெரியாது

என் மனைவி புனேவுக்குப் போனபோது மூன்று மாதத்தில் திரும்பிவிடுவதாகத்தான் சொன்னாள். சென்ட்ரலில் ரயில் ஏற்றி, ஜன்னல் கம்பி வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "பத்திரமாப் போமே" என்று சொல்லிவிட்டு நான் நிம்மதியாகத்தான் வீடு திரும்பினேன். மூன்று மாதம் யாரும் தொணதொணக்காமல் கிரிக்கெட் பார்க்கலாம் என்று எனக்கு உள்ளூரக் குஷி. அவள் அன்றைக்குப் பார்க்கப் போன குழந்தை அப்போது பிறக்கவே இல்லை. இப்போது அது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது.

முறை என்று பார்த்தால் அவள் போயிருக்கவே வேண்டியதில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது ஊர் அறிந்த விஷயம். மகள்தான் எண்ணூருக்கு வந்திருக்க வேண்டும். வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்து வரலாம் என்று நான் முன் அறைக்கு வெள்ளைகூட அடித்து வைத்திருந்தேன். மகள் வர முடியாது என்று போனில் சொல்லிவிட்டாள்.

"கோச்சிக்காதப்பா. அந்தச் சாம்பல்ல கொயந்தய வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்? அதுவும் நம்ம கிச்சன் கீதே, கதவத் தொறந்தா கரப்பான் வந்து வணக்கம் சொல்லுது."

"கரித்தூள்ல வளந்தவ நீ. சாம்பலுக்கு பயப்படறியா?"

"அதனாலதாம்பா" என்றாள்.

கரித்தூள் என்று நான் சொன்னது ராயபுரத்தை. அவள் பிறந்து பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கப்பலில் வந்த நிலக்கரியை அப்போது அங்கேதான் இறக்கினார்கள். காலையில் போட்ட சட்டைக் காலர் மதியத்துக்குள் கறுத்துவிடும். கொடியில் காய்ந்த துணியை உதறித்தான் உள்ளே எடுக்க வேண்டும். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் மை. அதனால் எங்கள் தெருவில் எது வாங்கினாலும் கறுப்பு, கரும்பச்சை, காபிக்கொட்டை நிறம், அவ்வளவுதான். ஜன்னல் திரை, தலையணை உறை, மிதியடி, பிள்ளைகளின் பை, எல்லாமே. ஜவுளிக் கடையில் வெளிர் நிறமாக எதையாவது விரித்துப் போட்டால் "நாங்க ஹார்பர் பக்கம்" என்போம். கடைக்காரரும் ஒரு வார்த்தை பேசாமல் மடித்து வைத்துவிடுவார். கறுப்பில் அழுக்கு தெரியாது. எங்கள் தெருவுக்கு அதுதான் சட்டம். என் கல்யாணத்தில் பெண்ணுக்குப் புடவை எடுக்கும்போதே என் அம்மா அடர்ந்த அரக்கு நிறமாகப் பார்த்துத்தான் எடுத்தாள்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் நான் ஒருவன். மனைவி புனேவுக்குப் போன பிறகு என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "உனுக்கு இன்னா மாமு, ஒண்டியா குந்தினு கீறது பழக்கம்தானே." அவர்களுக்குக் கூண்டு மட்டும்தான் தெரியும். கீழே தளத்தில் ஒருவன் நின்றுகொண்டு கையைக் காட்டிக்கொண்டே இருப்பான். தூக்கு, நிறுத்து, இடப்பக்கம், மெதுவாக, இறக்கு. அவன் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது, கை தெரியும். வேலை நேரம் முழுக்க ஒரு மனிதனுடைய கை என்னைப் பார்த்து அசைந்துகொண்டே இருந்தது. அதைத் தனிமை என்று சொல்ல முடியுமா?

ஓய்வு பெற்றதும் வந்த பணத்தில் எண்ணூரில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு வாங்கினோம். ஏற்கெனவே ஒருவர் குடியிருந்து விற்ற வீடு. ஒரு ஜன்னலில் கடல் ஒரு துண்டு தெரியும், இன்னொரு ஜன்னலில் மின் நிலையப் புகைபோக்கிகள். சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு திசையைக் கை காட்டுவார்கள். சமையலறையில் சந்தன நிறத்தில் கப்போர்டுகள் வரிசையாக இருந்தன. பெட்டிகள் நல்ல பலகை, கதவுகள் மரத்தூளை அழுத்திச் செய்தவை. கடல் காற்றுக்கு அவை எத்தனை நாள் தாங்கும்? பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த கதவு டீயில் நனைத்த பிஸ்கட் போல உப்பிக்கொண்டது. கீல்கள் துருப்பிடித்து ஒரு கதவு தொங்கியது, அதை மனைவி சணல் கயிற்றால் கட்டி வைத்தாள். காஸ் சிலிண்டர் இருந்த இடத்தில் கதவே விழுந்துவிட்டது, பழைய புடவையைக் கிழித்துத் திரை போட்டாள். "நீ இந்தக் கதவ மட்டும் மாத்து, அப்பால பாரு, நான் இந்த வூட்ட வுட்டு எங்கியும் போவமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் "பாக்கலாம்" என்பேன். என் அகராதியில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று மாதம் முடிந்தது. குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாள். தலை நின்றது. பல் முளைக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றாள். அப்புறம் மகள் விடுப்பு முடிந்து வேலைக்குப் போகத் தொடங்கினாள், பார்த்துக்கொள்ள வந்த பெண் நின்றுவிட்டாள். ஒவ்வொன்றும் உண்மைதான், ஒன்றையும் நான் குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் போய் அங்கேயே இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பெயர் வைக்கிற விசேஷத்துக்குப் போய் இருந்து பார்த்தேன். ஒரு படுக்கையறை வீடு. நான் ஹாலில் படுத்தேன். காலையில் மருமகன் அதே ஹாலில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து ஆபீஸோடு பேச வேண்டும், அதற்குள் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கேயாவது போக வேண்டும். தங்கமான பையன், ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் என்னைச் சுற்றி நுனிக்காலில் நடந்தார்கள். கீழே போய் வாட்ச்மேன் பக்கத்தில் உட்காருவேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மராத்தி தெரியாது. ஊருக்குத் திரும்பினால் போதும் என்று ஆகிவிட்டது. மனைவி கேட் வரைக்கும் வந்து, "நீ போ, நான் பின்னாடியே வரேன்" என்றாள்.

பின்னாடி யாரும் வரவில்லை.

தனியாக இருப்பதில் எனக்குப் பெரிய கஷ்டம் ஒன்றும் கிடையாது என்றுதான் முதலில் நினைத்தேன். காலையில் டீ நானே போட்டுக்கொள்வேன். மற்ற வேளைக்கு மெஸ் இருக்கிறது. துணிக்கு மெஷின் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் மாலை டீக்கடையில் "சக்கர கம்மி" என்று சொன்னபோது தொண்டை கரகரத்தது. விடிந்ததிலிருந்து அதுதான் நான் பேசிய முதல் வார்த்தை என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு தெருவில் போகிறவனிடம் மணி கேட்க ஆரம்பித்தேன், கையில் கடிகாரம் கட்டிக்கொண்டே.

அந்தச் சமயத்தில்தான் கதவு ஞாபகம் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் வாயால் சொன்ன வார்த்தை அது. கதவை மாற்று, எங்கும் போகமாட்டேன். மாற்றிவிட்டால் அவள் வந்துதானே ஆக வேண்டும்? அவளிடம் மூச்சுவிடாமல் முடித்து, ஒரு நாள் போனில் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

டீக்கடைக்காரர் சொல்லி எம்.கே.பி. நகரிலிருந்து ஒரு கார்பென்டர் வந்தான். முப்பது வயது சொல்லலாம். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான்.

"பெட்டி எல்லாம் கல்லு மாரி கீது நைனா. கதவுதான் பூடுச்சி. இத்த இன்னாத்துக்கு ஒடச்சிகினு? கதவ மட்டும் புச்சா செஞ்சி மாட்டிட்டு, வெளில தெரியற சைடுக்கெல்லாம் அதே மைக்காவ ஒட்டிக்கலாம். உள்ள பழசு கீதுன்னு ஒரு ஆளு கண்டுபுடிக்க முடியாது."

கதவின் மேல் ஒட்டுகிற மைக்காத் தகடு எடுக்கத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு கடைக்குப் போனேன். முதலாளி தெற்கத்திக்காரர், கடைக்கு மேலேயே வீடு. சாம்பிள் துண்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி மேசையில் பரப்பினார். பால் வெள்ளை, சந்தனம், இளம்பச்சை, தேக்கு, கறுப்பு.

"வீட்டுக்காரம்மா வரலியா சார்? பொம்பளைங்க வந்து பாத்தா நல்லதுல்லா."

"அவங்களுக்குத் தெரியாம செய்யறேன் அண்ணாச்சி."

"அப்ப சரி, பாத்து எடுங்க. சந்தனம் நல்லா ஓடுது."

என் கை அதற்குள் கறுப்பின் மேல் இருந்தது. பளபளவென்று, முகம் பார்க்கலாம் போல இருந்தது. "அழுக்கு தெரியக்கூடாது" என்றேன். "கறுப்புல என்ன அழுக்கு தெரியப் போவுது" என்றார் அவர். இரண்டு பேருக்கும் திருப்தி. கைப்பிடிகள் ஸ்டீலில் எடுத்தேன். தள்ளிவிட்டால் தானே மெல்லப் போய்ச் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிற கீல்கள் இருக்கின்றன என்றார். அதையும் வாங்கினேன்.

வேலை நடந்த நாட்கள் நன்றாக இருந்தன, இப்போது நினைத்தாலும். கதவுகளைக் கார்பென்டர் தன் பட்டறையில் செய்து கொண்டுவந்தான், இங்கே மாட்டுகிற வேலைதான். வீட்டில் டிரில் சத்தம், பசை வாசனை, தரையெல்லாம் தூள். எனக்கு ஒன்றும் தொந்தரவாகத் தெரியவில்லை. அவனுக்கு டீ போட்டேன், போண்டா வாங்கி வந்தேன். அவன் பேசிக்கொண்டே வேலை செய்கிற ரகம். தன் மாமியாரைப் பற்றி, வியாசர்பாடி மேம்பாலத்து டிராபிக்கைப் பற்றி, கேரம் போர்டில் தன்னை யாரும் ஜெயிக்க முடியாது என்பதைப் பற்றி. நான் அவனுக்குத் திருப்புளி எடுத்துக் கொடுத்தேன். கதவைத் தாங்கிப் பிடித்தேன். அவன் கையை அசைத்து "கொஞ்சம் மேல, மேல, நிறுத்து" என்றபோது பழைய வேலையில் இருப்பது போல இருந்தது.

கடைசிக் கைப்பிடியை முடுக்கிவிட்டு, "அம்மா வந்து பாத்தா அசந்துடுவாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் நின்று ஒரு கதவைத் தள்ளினேன். அது மெதுவாகப் போய், கடைசியில் ஒரு சத்தமும் இல்லாமல் மூடிக்கொண்டது. பழைய கதவுகள் கிறீச்சிடும், டொப்பென்று அடித்துக்கொள்ளும். அவள் சமையலறையில் இருக்கிறாள் என்பது ஹாலில் டிவி பார்க்கிற எனக்கு அந்தச் சத்தத்தில்தான் தெரியும். சத்தமில்லாத கீலுக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்த என்னைச் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்து அவனுக்குப் போன் போட்டு ஒரு கதவு சரியாக உட்காரவில்லை என்றேன். வந்து திறந்து மூடிப் பார்த்தான். "கரெக்ட்டாத்தான் கீது நைனா" என்றான். டீ குடித்தான், போனான். அடுத்த வாரம் ஒரு கைப்பிடி ஆடுகிறது என்றேன். ஆடாத கைப்பிடியை இன்னும் கொஞ்சம் முடுக்கினான், டீ குடித்தான். மூன்றாவது தடவை பையைத் திறக்கவே இல்லை.

"நைனா, கதவுல ஒண்ணியும் இல்ல. டீ குடிக்கணும்னா சொல்லு, நான் இந்தப் பக்கம் வரச்சொல்லோ வரேன்."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அதற்கப்புறம் நான் அவனைக் கூப்பிடவில்லை.

மனைவிக்கு ஒரு நாள் மாலை, குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து வீடியோவில் காட்டினேன். போனைத் திருப்பிப் பிடித்து, வாசலிலிருந்து ஒவ்வொரு கதவாக.

"யோவ்! நம்ம வூடாய்யா இது?"

"வேற எவன் வூட்ட உனுக்குக் காட்டுவேன்?"

"எவ்ளோ அழகா கீது" என்றாள். குரல் மாறியிருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்புறம்தான் கேட்டாள். "இன்னாய்யா கறுப்பு எட்த்துகீற?"

"அழுக்கு தெரியாதுல்ல."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மகளைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அது ராயபுரம்யா. அங்க வந்தது கரி. இங்க வரது சாம்பலு. கறுப்பு மேல சாம்பலு வுழுந்தா இன்னா ஆவும்? உன் கிச்சனுக்குத் திருநீறு பூசுன மாரி ஆவும்."

"இத்தினி வருசம் கீறோம். கிச்சன்ல எங்க சாம்பலப் பாத்தோம்?"

"நீ எங்க பாப்ப? காலம்பற எந்திரிச்ச உடனே ஈரத்துணி எட்த்துகினு நான் தொடச்சேன். நீ எந்திரிக்கறதே காபிக்குத்தானே."

நானும் சிரித்தேன். எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. கதவைத்தான் காட்டிவிட்டேனே, அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். கடைசியில் நானே "அப்பால?" என்றேன். அவள் குழந்தை படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "பாக்கலாம்" என்றாள்.

சாம்பல் விஷயத்தில் அவள் சொன்னது பொய்க்கவில்லை. கார்பென்டர் வந்தபோதெல்லாம் துண்டால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போவான், அவன் வருவது நின்ற சில நாளிலேயே கதவுகள் மங்கின. சாம்பல் விழுவதை யாரும் பார்க்க முடியாது, விழுந்ததைத்தான் பார்க்க முடியும். துடைக்க வேண்டும் என்று நினைப்பேன், சோம்பலாக இருக்கும். யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு நாள் காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழுந்தபோது டீ டம்ளரோடு நின்று பார்த்தேன். வரிசை முழுக்க சாம்பல் ஒரே சீராகப் படிந்திருந்தது. இரண்டே கதவுகளில் மட்டும் கைப்பிடியைச் சுற்றிக் கறுப்பு தெரிந்தது. டீத்தூளும் சர்க்கரையும் இருந்த கதவு, டம்ளர் இருந்த கதவு. மற்ற எல்லாவற்றிலும் ஒரு விரல்கூடப் படவில்லை. அரிசி, பருப்பு, மசாலா, பெரிய பாத்திரங்கள், விருந்தாளி தட்டுகள், எதையும் யாரும் தொடவில்லை. ஒரு மனிதன் இந்த வீட்டில் எவ்வளவு இடத்தில் வாழ்கிறான் என்று பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. கிரேன் கயிறு அறுந்து பாரம் விழுந்த நாளில்கூட நான் அழவில்லை.

அழுத முகத்தைக் கழுவினேனே தவிர, கதவைத் துடைக்கத் தோன்றவில்லை. அது என் முட்டாள்தனம். அன்று மாலை அவள் பேசும்போது நான் சமையலறையில் நின்றிருந்தேன்.

"இரு இரு. பின்னால அந்த அரிசிக் கதவக் காட்டு."

"இன்னாத்துக்கு?"

"காட்டுய்யான்னா."

காட்டினேன்.

"அதுல கையே படலியே. தெனம் சோறாக்கி ரசம் வெக்கறேன்னு சொன்ன? மூணு வேளையும் மெஸ்ஸுல துன்னுகினு கீறியா?"

மாட்டிக்கொண்டவனுக்குக் கோபம்தானே முதலில் வரும். "போலீஸு மாரி கேள்வி கேக்காத. அங்க குந்தினு கதவ எண்ணிகினு கீற" என்று கத்திவிட்டுப் போனை அணைத்தேன். அவள் கேட்ட குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. பரிதாபப்பட்டு எனக்காக எவரும் வர வேண்டாம். ஆசைப்பட்டு வர வேண்டும்.

மறுநாளிலிருந்து நான் ஒரு வேலை செய்தேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவள் கூப்பிடும் நேரத்துக்கு முன்னால் எல்லாக் கதவிலும் போய்க் கை வைத்தேன். முதல் நாள் எல்லாக் கதவிலும் ஒரே மாதிரிக் கை விழுந்துவிட்டது, யாரோ அச்சுக் குத்தியது போல. அப்புறம் தேறிவிட்டேன். அரிசிக் கதவில் நன்றாக, பருப்புக் கதவில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக, விருந்தாளி தட்டுக் கதவில் எப்போதாவது ஒரு விரல். எண்ணெய் வைத்த இடத்தில் தலையில் தடவிய கையாலேயே தொட்டேன். ஒரு நாள் மசாலாக் கதவின் ஓரத்தில் மஞ்சள்தூளைக் கொஞ்சம் ஈரத்தோடு தேய்த்துவிட்டேன். அது எனக்கே பெருமையாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் இல்லாத சோற்றையே கதவில் காட்டினேன்.

அவள் நம்பினாள். "பரவால்லியே, பெரிய சமையக்காரன் ஆயிட்ட. இன்னிக்கு இன்னா?" என்பாள். காரப்பொடி மீன் குழம்பு என்பேன். கத்திவாக்கத்தில் இறால் மலிவாகக் கிடைத்தது, தொக்கு வைத்தேன் என்பேன். புளி எவ்வளவு போட்டாய் என்று கேட்டால் ஒரு எலுமிச்சை அளவு என்று சொல்லத் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் நான் மெஸ்ஸில் சாப்பிட்ட ஆறிப்போன சாம்பார் வயிற்றில் புளித்துக்கொண்டிருக்கும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. என் புளுகு ஒரு மழைக்காலம் தாங்கியது.

பொங்கல் நெருங்கும்போது ஒரு நாள் அவள் ரொம்ப சந்தோஷமாகப் பேசினாள்.

"உனுக்கு நல்லா பழகிடுச்சிய்யா. எனுக்கு இப்பதான் மனசு நிம்மதியா கீது. நீ துன்றியோ இல்லியோன்னு அதான் அரிச்சிகினே இருந்தது. இவளும் வேலைய வுட முடியாது. கொயந்த ஸ்கூலுக்குப் போற வரிக்கும் நான் இங்கியே இருந்துட்றேன். இன்னா சொல்ற?"

குழந்தை பள்ளிக்கூடம் போக இன்னும் எவ்வளவு காலம் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். நான் "இரு. எனுக்கு இன்னா" என்றேன்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது. அவள் வருவதற்காகக் கதவு போட்டேன். நான் நன்றாக இருக்கிறேன் என்று அதே கதவு அவளிடம் சொல்லிவிட்டது. சொல்ல வைத்தது என் கைதான். எனக்கு அவள் மேல் கோபமில்லை, மகள் மேல் கோபமில்லை. அந்த மஞ்சள் கறையைப் பார்த்தால்தான் ஆத்திரமாக வந்தது.

காலையில் ஈரத்துணி எடுத்தேன். எல்லாக் கதவையும் மேலிருந்து கீழாகத் துடைத்தேன். துணியைப் பிழியப் பிழியச் சாம்பல் தண்ணீர் ஓடியது. இதை அவள் எத்தனை வருடம் நான் தூங்கும்போது செய்திருக்கிறாள். துடைத்து முடித்துவிட்டு அதன்பிறகு ஒரு கதவிலும் வேண்டுமென்று கை வைக்கவில்லை. டீத்தூள் எடுத்தேன், டம்ளர் எடுத்தேன், அவ்வளவுதான். அவள் கூப்பிட்டபோதெல்லாம் பால்கனியில் நின்று பேசினேன். சாம்பல் தன் வேலையைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

வரிசை முழுக்க நன்றாகப் படிந்த பிறகு ஒரு மாலை, அவள் "இன்னா சாப்ட?" என்று கேட்டாள். நான் சமையலறைக்குப் போய்ப் போனைத் திருப்பி, அன்றைக்குக் காட்டியது போலவே வாசலிலிருந்து ஒவ்வொரு கதவாகக் காட்டினேன்.

"இன்னாய்யா இது?"

"பாரு."

"தொடைக்கறது இல்லியா? ஒரு கதவுலியும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப அந்தக் கையெல்லாம்?"

"நான்தான் வெச்சேன்."

"அந்த மஞ்சளு?"

"அதுவுந்தான்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. போனை முகத்துக்கு நேராகத் திருப்பினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாய்யா உனுக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து எனக்கு வேண்டியது எதையும் நான் அவளிடம் கேட்டதில்லை. கேட்காமலே வந்துகொண்டிருந்தது, அதனால் கேட்கிற பழக்கம் வரவில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"என்னால ஒண்டியா முடியலமே. வந்துடு."

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீரிட்டது. உள்ளேயிருந்து மகள் "அம்மா" என்று கூப்பிட்டாள், அவள் குரலும் களைத்துத்தான் இருந்தது. மனைவி எழுந்தாள், படம் ஆடியது, ஒரு நொடி அவர்கள் வீட்டு மின்விசிறி தெரிந்தது. அவசரமாகச் சொன்னாள்.

"கதவத் தொடைக்காத. அப்டியே வுடு. நான் வந்து தொடைச்சிக்கிறேன். அரிசிய எட்த்து வெளில வெச்சி ஒரு வேளையாவது சோறாக்கித் துன்னு."

எப்போது என்று அவள் சொல்லவில்லை. அடுத்து வந்த அழைப்புகளிலும் சொல்லவில்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொன்னாள். தினமும் கேட்டு நச்சரிக்க எனக்கு மனமில்லை. ஒரு தடவை கேட்டதே பெரிது. ஆனால் அவள் சொன்னபடி செய்தேன். அரிசி, பருப்பு, புளி, உப்பு, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வெளியே எடுத்துவிட்டுக் கதவுகளை ஓரத்தில் ஒரு விரலால் தள்ளி மூடினேன். இப்போது எல்லாம் அடுப்பைச் சுற்றி மேடை மேலேயே நிற்கின்றன. டீத்தூளும் டம்ளரும்கூட வெளியே வந்துவிட்டன. தினமும் மதியம் சோறு வைக்கிறேன். ரசத்தில் உப்பு சில நாள் கூடிவிடுகிறது.

போன வாரம் அந்தக் கார்பென்டர் வந்தான். திருவொற்றியூரில் ஒரு வேலையாம், சொன்ன வாக்குப்படி டீ குடிக்க ஏறி வந்தான். சமையலறையில் நுழைந்ததும் திகைத்து நின்றுவிட்டான்.

"இன்னா நைனா, நம்ம கதவு இப்டி கலீஜா கீது?" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனான்.

"கைய வெக்காத!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் பின்வாங்கினான். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. "அம்மா வந்து தொடைக்கறேன்னு சொல்லிகீது" என்றேன்.

அவன் கதவுகளைப் பார்த்தான். மேடையில் நெருக்கியடித்து நின்ற டப்பாக்களைப் பார்த்தான். அவன் ஒட்டிய கறுப்பு ஒரு இடத்திலும் தெரியவில்லை. நான் கொடுத்த டீயை நின்றபடியே குடித்தான்.

"எப்ப வராங்கோ நைனா?"

"வருவா" என்றேன்.

அவன் தான் குடித்த டம்ளரைத் தானே கழுவி, மேடை மேல் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இடம் பார்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனான்.